லட்சுமிகாந்தனை வாசித்தவர்கள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் நைட் ஷிப்ட் என்றால் பவர்டேபிள் சத்தத்தோடு யூடியூப் சத்தமும் சேர்ந்தே ஓடும். எந்த நடிகர் யாரைப் பிரிந்தார், எந்த நடிகை ஏன் படத்திலிருந்து விலகினார் என்பதுதான் பாதி நேரம். புதுச் சரக்கில்லை இது. தமிழில் இதை ஒரு தொழிலாகவே நடத்திக் காட்டியவர் சி.என். லட்சுமிகாந்தன்.

போர்ஜரி வழக்கில் சிறை சென்று, அந்தமான் வரை போய் மீண்டவர். 1943-ல் ‘சினிமா தூது’ பத்திரிகையைத் தொடங்கினார். நட்சத்திரங்களின் அந்தரங்கம் என்று சொல்லிப் பக்கங்களை நிரப்பினார். எழுதினால் விற்பனை, எழுதாமல் இருக்க வசூல். இதுதான் அவர் தொழில் ரகசியம் என்பார்கள்.

நடிகர்கள் எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், படத் தயாரிப்பாளர் கோவை ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் இந்த ஆளை நிறுத்த எங்கே போனார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவதூறு வழக்குப் போட்டிருக்கலாம். ஆனால் கூண்டில் ஏறினால் குறுக்கு விசாரணை உண்டே. கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். உலகப் போர்க் காலம், காகிதத் தட்டுப்பாடு, பத்திரிகை நடத்த லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் ரத்தானது. எழுதியது பொய்யா மெய்யா என்று யாரும் எங்கும் விசாரிக்கவே இல்லை. லட்சுமிகாந்தன் ‘இந்துநேசன்’ என்ற பத்திரிகையை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார், முன்னிலும் காரமாக. வாசகர்கள் பெயரையா பார்த்தார்கள்? அவர்களும் கூடவே வந்தார்கள்.

1944 நவம்பர் 8 அன்று சென்னையில் ரிக்‌ஷாவில் போகும்போது கத்திக்குத்து. மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் மரணம். பிறகு நடந்தது ஊரறிந்த கதை. கொலை வழக்கில் மூவரும் சிக்கினார்கள். நாயுடு விடுதலை, பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை, லண்டன் பிரிவி கவுன்சில் வரை அப்பீல், 1947 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கொடுத்த விடுதலை. இரண்டு வருஷத்துக்கும் மேலான சிறைவாசம் பாகவதரின் உச்சத்தை முடித்து வைத்தது. வழக்கு நடந்த நாட்களில் நட்சத்திரக் கதை படிக்க மஞ்சள் பத்திரிகை தேவைப்படவில்லை. கௌரவமான தினசரிகளே கொடுத்தன.

லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்பதற்குச் சட்டத்தில் இன்றுவரை பதில் இல்லை. அதற்காக வருந்தியவர்களும் குறைவு. பாகவதரின் சரிவைச் சொல்ல ஒரு வில்லன் தேவைப்பட்டான்; அந்த இடத்தில் அவரை உட்காரவைத்துவிட்டோம். காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்கள் அந்தக் கதையில் எங்குமே வருவதில்லை.

கடையையே மூடச்சொல்லும் ஆசை மட்டும் சினிமாக்காரர்களை விடவில்லை. 2024 டிசம்பரில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, படம் வெளியாகி முதல் மூன்று நாட்களுக்கு யூடியூப் விமர்சனங்களைத் தடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் போனது. விமர்சனமும் கிசுகிசுவும் ஒன்றல்லதான்; கேட்ட மருந்து பழைய மருந்து. நீதிமன்றம் இடைக்காலத் தடை தரவில்லை. ரத்து செய்ய இப்போது லைசென்ஸும் இல்லை, மனு வாங்கிக்கொள்ள ஆர்தர் ஹோப்பும் இல்லை.