தமிழ் யாருடைய முதுசொம்?

கோப்பாயில் ஆசிரியர் கலாசாலை இருக்கிறது. தேசியக் கல்வியியற் கல்லூரியும் இருக்கிறது. நாளை வகுப்பறையில் தமிழ் கற்பிக்கப் போகிறவர்கள் இங்கே பயில்கிறார்கள். ஆதலால் இக்கேள்வியை இங்கிருந்தே எழுப்புகிறோம்: தமிழ் ஒரு சமூகத்தின் தனி முதுசொமா?

1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதித்தார். அவர் காட்டிய சான்றுகளுள் மொழியும் ஒன்று. சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டுமா என்ற சர்ச்சை எழுந்திருந்த காலம் அது. உறவு கொண்டாடிய குரலில் ஆசனக் கணக்கு ஒலித்ததாக முஸ்லிம்கள் ஐயுற்றதில் வியப்பென்ன? 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அரேபிய வம்சாவளியை முன்னிறுத்தி மறுப்பு எழுதினார்.

இருவரும் படித்த மேற்குடியினர். இருவரும் இரத்தத்தையே அளவுகோலாகக் கொண்டனர். உழைக்கும் முஸ்லிமின் வாழ்வோ வேறு கதை சொல்கிறது. அவன் தொழுகை அரபில். தாலாட்டும் கடைக்கணக்கும் தமிழில். உமறுப்புலவர் நபிகளின் வாழ்வைத் தமிழில் பாடியபோது இஸ்லாம் குன்றவில்லை. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கிய சித்திலெப்பை, 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ எழுதியபோது தமிழ் தீட்டுப்படவில்லை. அரபு கலந்தால்தான் மார்க்கம் நிலைக்கும் என்போரும், அரபு கலந்தால் தமிழ் கெடும் என்போரும் ஒரே பிற்போக்கின் இரு முகங்கள் என்கிறோம்.

‘தமிழ் பேசும் மக்கள்’ என்று மேடைதோறும் முழங்கினோம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் பணித்தனர். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து விரட்டப்பட்டோர் சுமார் 75,000 பேர். கட்டளையும் தமிழில் இடப்பட்டது. கண்ணீரும் தமிழில் வடிந்தது. நம் முழக்கம் அன்று எங்கே போயிற்று?

அச்சம் வாயை அடைத்தது என்பார்கள். ஒப்புகிறோம். ஆனால் 2009இல் அந்தத் துப்பாக்கிகள் ஓய்ந்த பின்னும் தொடரும் மௌனத்துக்கு அச்சம் காரணமாகாது. சீறாப்புராணத்தை மேடையில் போற்றிவிட்டுச் சோனகத் தெருவை மறப்பது இலக்கியப் பற்றாகுமா?

இளம் ஆசிரியர்களே! சித்திலெப்பையைக் கற்பியுங்கள்; 1990ஐயும் கற்பியுங்கள். திரும்பி வரும் குடும்பத்துக்கு வீடும் நிலமும் பள்ளியும் கிடைக்கும்வரை அவர்களோடு நின்று குரல் கொடுங்கள். பங்காளியைத் துரத்திவிட்டு முதுசொம் பேசுகிறவனை நம் ஊர் என்ன சொல்லி அழைக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.