ஓசி ஜெராக்ஸ்

வைரஸ் என்பது ஒரு துண்டுச்சீட்டு, அதன்மேல் ஓர் உறை. அவ்வளவுதான் சார். சீட்டில் எழுதியிருப்பதன் சாரம்: 'என்னைக் காப்பி எடு.' அதற்கான ஆபீஸ் சொந்தமாகக் கிடையாது. உங்கள் செல்லுக்குள் நுழைந்து, உங்கள் பேப்பர், உங்கள் கரண்ட், உங்கள் ஸ்டாஃபை வைத்து ஓசியில் எடுத்துக்கொள்ளும்.

எடுக்கும் விதத்தில்தான் தினுசுகள். ஹெர்ப்பிஸ் ஒரு டிஎன்ஏ ஆசாமி. நேராக நியூக்ளியஸுக்கே போய் அங்கே வேலையை முடித்துக்கொள்ளும். போலியோவிடம் இருப்பது ஆர்என்ஏ. உள்ளே வந்ததுமே செல் அதை மேலிடத்து உத்தரவு என்று நம்பி, படித்துப் புரோட்டீன் செய்ய ஆரம்பித்துவிடும். வெறிநாய்க்கடி வைரஸின் ஆர்என்ஏவோ கண்ணாடியில் தெரியும் எழுத்து மாதிரி. செல்லுக்குப் படிக்கத் தெரியாது. அதைத் திருப்பி எழுத ஒரு கிளார்க்கைக் (என்ஸைம் என்று படிக்கவும்) கையோடு கூட்டிவருகிறது.

எச்ஐவி இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடும். டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ, அதிலிருந்து புரோட்டீன் - ஃபைல் இந்த ரூட்டில்தான் நகரும் என்று நம்பியிருந்தார்கள். சில வைரஸ்கள் ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ எழுதுகின்றன என்று ஹாவர்ட் டெமின் அறுபதுகளில் சொன்னபோது பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1970-ல் அவரும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியாக அந்தத் தலைகீழ் என்ஸைமைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். 1975-ல் நோபல். 1983-ல் கண்டுபிடிக்கப்பட்ட எச்ஐவியும் அதே கோஷ்டி.

அப்படி எழுதிய டிஎன்ஏவை அது நம் குரோமோசோமுக்குள்ளேயே செருகிவிடுகிறது. உங்கள் வீட்டுப் பத்திரத்தின் நடுவே வேறொருத்தன் தன் பெயரை எழுதிவைத்த மாதிரி. செல் இரண்டானால் அதுவும் இரண்டு. அழிக்க இன்னும் ரப்பர் வரவில்லை.

எழுதவிடாமல் தடுக்கலாம். 1964-ல் புற்றுநோய்க்காகத் தயாரித்து, உபயோகமில்லை என்று ஓரங்கட்டிய ஏஇசட்டி, 1987-ல் எச்ஐவிக்கு முதல் மருந்தானது. அது டிஎன்ஏவின் எழுத்தைப் போலவே இருக்கும் ஒரு போலி. பின்பக்கம் கொக்கி இல்லாத ரயில் பெட்டி. இதை மாட்டிவிட்டால் அடுத்ததை மாட்ட முடியாது. சாமர்த்தியம்தான். ஆனால் எச்ஐவியின் கிளார்க், எழுதியதைச் சரிபார்க்காத பேர்வழி. அத்தனை தப்பில் ஏதோ ஒன்று மருந்துக்கு டிமிக்கி கொடுத்துவிட்டது. 1996-ல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்றுக்கும் ஒரே சமயத்தில் டிமிக்கி கொடுக்கிற தப்பு அபூர்வம். மருந்து கிடைத்த நாடுகளில் சாவுகள் மளமளவென்று குறைந்தன.

மாத்திரையை நிறுத்தினால் பத்திரத்தில் ஒளிந்திருப்பது பெரும்பாலும் சில வாரங்களில் கிளம்பிவிடும். விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவில் துணைக்குத் தொற்றாது.

டெஸ்ட் எடுக்க வெட்கப்படுகிறவர்களுக்கு: தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 'நம்பிக்கை மையம்' என்று போர்டு இருக்கும். டெஸ்ட் இலவசம். மருந்து 2004-லிருந்து இலவசம். ரிசல்ட்டை உங்களிடம்தான் சொல்வார்கள், மேனேஜரிடம் இல்லை.