எவரெஸ்ட் என்ன செய்தார்?

சேலத்து நண்பர்கள் சிலருக்கு என்மேல் கோபம். எவரெஸ்ட் என்ற பெயரை மேடையில் நான் கேலி செய்துவிட்டேனாம். "வெள்ளைக்காரன் அளந்த மலைக்கு வெள்ளைக்காரன் பெயர் வைத்தான், உமக்கு ஏன் எரிகிறது?" என்கிறார் ஒரு வக்கீல் அன்பர். சரி, அளந்த கதையைத்தான் பார்ப்போமே.

1802-இல் பரங்கிமலைப் பக்கம் நூறடி எஃகுச் சங்கிலி போட்டு ஏழரை மைல் நிலத்தை அளந்தவர் வில்லியம் லாம்டன். பிறகு பெங்களூரிலிருந்து கன்னியாகுமரிவரை முக்கோணத்தோடு முக்கோணமாகப் பின்னிக்கொண்டு போனார். சேலத்துக்குச் சற்று மேற்கே ஓடும் 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டிய பாதை அது. சங்ககிரி மலைமேல் நின்று பாருங்கள், எத்தனை குன்றுகள்! முக்கோணம் போடுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? குன்றில்லாத தஞ்சாவூரில்தான் வந்தது வினை. 1808-இல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பெரிய கோயில்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. மனிதர் ஆறு வாரம் அடைந்து கிடந்து, தம் கையாலேயே அதைச் சீர்படுத்தினார். 1823-இல், வேலைக்கு நடுவிலேயே ஹிங்கன்காட்டில் உயிரை விட்டார். இந்த வெள்ளைக்காரரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். இவர் பெயரையா சிகரத்துக்கு வைத்தார்கள்?

லாம்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் 1843-லேயே ஓய்வு பெற்றுக் கப்பலேறிவிட்டார். அந்தச் சிகரத்தை நூறு மைலுக்கு அப்பால், சமவெளியில் நின்று அளந்தது அதற்குப் பிறகு. நேபாளத்துக்குள் விடமாட்டார்களே! 29,002 அடி என்று 1856-இல் அறிவித்தார்கள். 2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து சொன்ன 8,848.86 மீட்டருக்கும் அதற்கும் வித்தியாசம் சுமார் முப்பதே அடி. பழைய மேலதிகாரியின் பெயரைச் சூட்டியவர் ஆண்ட்ரூ வா. இந்நாட்டு ஜனங்களின் வாயில் என் பெயர் நுழையாதே என்று எவரெஸ்ட்டே ஆட்சேபித்தார். கேட்டார்களா? திபெத்தியர் சோமோலுங்மா என்று அழைத்து வந்ததும் காதில் ஏறவில்லை.

கணக்குப் போட்ட இலாகாவில் தலைமைக் கணக்கர் யார் தெரியுமா? ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. சர்வே கைநூலின் கடினமான கணிதப் பகுதிகளை எழுதியவரும் அவரே. 1870-இல் அவர் இறந்தார். 1875-இல் வந்த பதிப்பில் அவர் பெயரைக் காணோம். செத்தவனைக் கொள்ளையடித்த காரியம் என்று மறு வருஷம் கண்டித்தது, ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகையே. வக்கீல் அன்பர் இதற்கு என்ன வாதம் வைத்திருக்கிறாரோ!

பூகோளம் கற்பிக்கும் வாத்தியார்களுக்கு ஒன்று சொல்வேன். அடுத்த தடவை பிள்ளைகளை நாமக்கல் கோட்டைக்கு அழைத்துப் போகும்போது, மேற்கே கை நீட்டி அந்த ரேகை போகும் திக்கைக் காட்டுங்கள். சிக்தாரின் பெயரைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்.