இரவுக்கும் வேண்டும் தனிக் கூலி

பெங்களூருவில் இரவு பத்து மணியிலிருந்து காலை ஐந்து மணிவரை ஆட்டோவுக்கு ஒன்றரை மடங்கு கட்டணம். அரசே வகுத்த விதி இது. ஊர் உறங்கும் நேரத்தில் விழித்திருப்பவருக்குக் கூடுதலாகத் தருவதுதான் முறை. ஆனால், அந்த ஆட்டோ போய் நிற்கிற மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவருக்கு, இரவு வேலை என்பதற்காக ஒரு ரூபாய் கூடுதலாகத் தரும்படி கர்நாடகத்தின் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் கேட்பதில்லை.

கடைகள் இரவெல்லாம் திறந்திருப்பதை நாம் எதிர்க்கவில்லை. மருந்து, பால், சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் நள்ளிரவிலும் தேவைப்படுகிற நகரம் இது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் இயங்கலாம் என்று 2021 ஜனவரியில் கர்நாடக அரசு ஆணையிட்டது சரியான முடிவு. நாளுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, பெண்கள் இரவில் வேலை செய்ய அவர்களின் எழுத்துப்பூர்வ சம்மதம், பாதுகாப்பு, போக்குவரத்து ஆகியவை வேண்டும் என்றெல்லாம் அந்த ஆணை சொன்னது. இரவுக் கூலியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

பெண்களுக்கான பாதுகாப்பு விதிகளும் சும்மா வந்துவிடவில்லை. 2005 டிசம்பரில் நைட் ஷிப்டுக்குக் கிளம்பிய ஒரு கால் சென்டர் ஊழியரை, வண்டி ஓட்டி வந்தவனே வல்லுறவு செய்து கொன்றான். அதன் பிறகுதான் அலுவலக வண்டிகள் மீது இந்த நகரத்தின் கவனம் திரும்பியது. இன்றும் வீடு சேர்க்கும் வண்டி ஏற்பாடு பெரும்பாலும் ஐ.டி. வளாகங்களோடு நின்றுவிடுகிறது. இரவு ஒரு மணிக்கு ஓட்டலின் ஷட்டரை இறக்கிய பிறகும் அண்டா கழுவ வேண்டும், தரையைத் துடைக்க வேண்டும். அதற்குள் மெட்ரோ நின்று வெகு நேரம் ஆகியிருக்கும். அடுத்த ரயில் விடிகாலையில்தான். அதுவரை ஓட்டல் தொழிலாளி மேசைகளை ஒதுக்கிவிட்டு அட்டைப்பெட்டியை விரித்துப் படுக்கிறார். ஆட்டோவில் போனால் அன்றைய கூலியில் பாதி போய்விடும்.

உடம்பு கொடுக்கும் விலை தனி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. 2019இல் மறுபடி ஆராய்ந்த பின்னும் அதை நீக்கவில்லை.

இரவுக்குத் தனிக் கூலி என்பது புதுமையான கோரிக்கையும் அல்ல. தகுதியுள்ள மத்திய அரசு ஊழியர்களுக்கு இரவு பத்து முதல் காலை ஆறு வரை செய்யும் ஒவ்வொரு மணி நேர வேலைக்கும் பத்து நிமிடம் கூடுதலாகக் கணக்கிட்டு இரவுப் பணிப்படி தரப்படுகிறது. ஜப்பானில் இரவு பத்து முதல் ஐந்து வரை கால் பங்கு கூடுதல் ஊதியம் சட்டப்படி கட்டாயம்.

சிறு வியாபாரி தாங்குவாரா என்று கேட்பார்கள். ஆணை பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்களுக்குத்தான். இரவில் கடை திறப்பதும் அவர்கள் விருப்பம். வியாபாரம் நடப்பதால்தான் திறக்கிறார்கள். வேலையாளுக்குக் கால் பங்கு கூட்டித் தர முடியாத வியாபாரத்தை இரவில் நடத்தத் தேவையில்லை.

கர்நாடக அரசு செய்ய வேண்டியவை மூன்று. இரவு பத்து முதல் காலை ஆறு வரையிலான வேலைக்குக் குறைந்தது கால் பங்கு கூடுதல் கூலியைச் சட்டமாக்க வேண்டும். வீடு சேர்க்கும் பொறுப்பை ஆண், பெண் பாராமல் முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டும். முக்கிய சாலைகளில் பி.எம்.டி.சி. பேருந்துகளை விடிய விடிய ஓட்ட வேண்டும். 24 மணி நேர அனுமதியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு ஆணையிலும் இவை நிபந்தனைகளாக இடம்பெறட்டும்.