யார் ஒதுங்க வேண்டும்?



ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் மல் என்றொரு தீவு உண்டு. அதன் தென்மேற்கு முனைக்கு எதிரே இருக்கும் சிறு தீவு அயோனா. கி.பி. 563இல் அயர்லாந்திலிருந்து கடல் கடந்து வந்த கொலும்பா அங்கே ஒரு மடத்தை நிறுவினார். அவ்விடத்தைக் காண விரும்பும் தம்பதியர் ஓபன் துறைமுகத்தில் காரோடு படகேறி, கிரெய்க்நியூரில் இறங்கி, ஃபின்னஃபோர்ட் என்னும் சிற்றூர்வரை சுமார் 60 கிலோமீட்டர் ஓட்டிச் செல்ல வேண்டும். அந்தச் சாலையைப் பற்றியே இவ்வாரம் எழுதுகிறேன். இல்லறத்தைக் குறித்து நாம் வழக்கமாகச் சொல்லும் ஓர் அறிவுரையை அது திருத்துகிறது என்பது என் கருத்து.

அது பெரும்பாலும் ஒற்றைத் தடச் சாலை. மலைகளுக்கு நடுவே கிளென் மோர் பள்ளத்தாக்கைக் கடந்து, பின்பு ஸ்க்ரிடெய்ன் கடற்கழியின் ஓரமாகச் செல்கிறது. வடக்கே 966 மீட்டர் உயரமுள்ள பென் மோர் மலை நிற்கிறது. கண்ணை இழுக்கும் அழகு. ஆனால் எதிரே வண்டி வந்தால் இரண்டும் ஒருங்கே கடக்க இடமில்லை. ஆகையால் ஆங்காங்கே சாலையைச் சற்று அகலமாக்கி, ஒதுங்குமிடம் என்று பலகை நட்டிருக்கிறார்கள்.

அங்கே யார் ஒதுங்குவது? பிரித்தானியச் சாலை விதிநூல் இதற்குத் தெளிவான வழி சொல்கிறது. மேட்டில் ஏறி வரும் வண்டிக்கு, இயன்றபோதெல்லாம் இறங்குகிறவர் வழிவிட வேண்டும். தேவையானால் ஒதுங்குமிடம்வரை பின்னோக்கி ஓட்ட வேண்டும். பின்னால் வருகிறவர் முந்த விரும்பினால் அவருக்கும் இடங்கொடுக்க வேண்டும். ஒதுங்குமிடத்தில் வண்டியை நிறுத்திவைத்துவிட்டுப் போகலாகாது.

இப்பொழுது நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். திருமண வீட்டில் மணமகளிடம், “விட்டுக்கொடுத்துப் போம்மா” என்கிறோம். மணமகனிடம் அதே சொல்லை எத்தனை பேர் சொல்கிறோம்? பிணக்கு முற்றி, பெரியவர்கள் கூடிப் பேசும்போதும் அந்த அறிவுரை பெரும்பாலும் ஒரு பக்கமே போய்ச் சேருகிறது. விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை என்பது மெய்யே. ஆனால் எப்பொழுதும் ஒருவரே விட்டுக்கொடுக்கும் வீட்டில் நடப்பது வேறு. ஒதுங்குமிடத்திலேயே நின்றுகொண்டிருக்கும் வண்டி ஒருநாளும் ஊர் போய்ச் சேராது.

அந்த விதி, ஓட்டுகிறவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. இன்று ஏற்றத்தில் இருப்பவர் யார் என்றே பார்க்கிறது. படுக்கையில் கிடக்கும் மாமியாரை இரவும் பகலும் பராமரிக்கும் மனைவி ஏற்றத்தில் இருக்கிறாள். அப்பொழுது கணவன் ஒதுங்கட்டும். வேலையை இழந்து, பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கக் கூசும் கணவன் ஏற்றத்தில் இருக்கிறான். அப்பொழுது மனைவி ஒதுங்கட்டும். ஏறினவரே சற்று நேரத்தில் இறங்குகிறவராகவும் ஆவார்.

“இப்படி ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பார்த்தால் வீடு வழக்குமன்றமாகிவிடாதா?” என்று நீங்கள் கேட்கலாம். விதி தெரியாதபோதுதான் வழக்கு எழும். அந்தச் சாலையில் விதி அறிந்தவர் வண்டியை ஒதுக்குகிறார். மற்றவர் கையை உயர்த்தி நன்றி தெரிவித்துக் கடந்து போகிறார். நம் வீடுகளில் பலவேளை குறைவுபடுவது அந்த உயர்த்திய கைதான். விட்டுக்கொடுத்தவருக்கு ஒரு நன்றிச் சொல்லும் கிடைப்பதில்லை. அதனால் அவர் ஒதுங்கின இடத்திலேயே வண்டியை நிறுத்திவிடுகிறார், நாட்கணக்கில் பேச்சில்லை. அதுவும் விதிக்குப் புறம்பானதே.

ஃபின்னஃபோர்ட்டில் சாலை முடிகிறது. பார்வையாளர்கள் தங்கள் காரை அயோனாவுக்குக் கொண்டுசெல்ல இயலாது. கரையில் விட்டுவிட்டு, கணவனும் மனைவியும் நடந்துபோய்ச் சிறு படகில் ஏற வேண்டும். பத்து நிமிடத்தில் அக்கரை.

இவ்வாரம் ஒருநாள் மாலை, தம்பதியராய் அமர்ந்து ஒருவரையொருவர் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இப்பொழுது உனக்கு ஏற்றமா?” பதிலைக் கேட்டபின், முதலில் ஒதுங்கவேண்டியவர் யார் என்பது உங்கள் இருவருக்கும் தெரிந்துவிடும்.