குண்டாஸ் போட்டாச்சு, அப்புறம்?

திருநாவலூர்க்காரர்களுக்கு வழக்கு, வியாஜ்ஜியம் எல்லாம் ஊர்க்கதையிலேயே வந்துவிடும். இங்கே பிறந்த சுந்தரரின் வாழ்க்கை திசை மாறியதே ஒரு பத்திர வழக்கால்தான். புத்தூரில் கல்யாணப் பந்தல். மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கும் சுந்தரரைப் பார்த்து, ‘இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது’ என்று ஒரு கிழவர் வந்து நிற்கிறார். மாப்பிள்ளை ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படியோலை, மூலவோலை பத்திரமாக இருக்கிறது என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது.

அவையோர் கிழவரின் வயதுக்காக எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. மூலவோலையை வாங்கி வாசித்தார்கள். பாட்டன் கையெழுத்துள்ள வேறோர் ஓலையை வரவழைத்து ஒத்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் சுந்தரர் தோற்றார் என்று சொன்னார்கள். வந்தவர் சிவபெருமான். அவரே ஆனாலும் ஒரு மனிதனை அழைத்துக்கொண்டு போக, பத்து பேர் முன்னால் மூலத்தைக் காட்ட வேண்டியிருந்தது. எதிராளியும் அங்கேயே நின்று வாதாடினார்.

இன்றைக்கு நம் கலெக்டர் ஒருவரை ஓராண்டு உள்ளே வைக்க இவ்வளவு தேவையில்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த 14-ஆம் எண் சட்டம் போதும். அதன் முழுப் பெயரைச் சொல்ல மூச்சு வாங்கும் என்பதால் ஊரே ‘குண்டாஸ்’ என்கிறது. குற்றம் நிரூபணமாக வேண்டியதில்லை. வெளியே விட்டால் பொது ஒழுங்குக்குக் கேடு என்று அதிகாரி திருப்திப்பட்டால் போதும். உத்தரவுக்கான காரணங்களை 5 நாளுக்குள் கைதிக்குத் தர வேண்டும். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். 3 வாரத்துக்குள் அறிவுரைக் குழுமத்துக்கு விவகாரம் போக வேண்டும். குழுமத்தின் முன் வக்கீல் வைத்து வாதாடுவது கைதியின் உரிமை அல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவே அப்படித்தான் சொல்கிறது.

எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உதயமான நாள் 2019 நவம்பர் 26. அரசமைப்புச் சட்ட நாளும் அதுதான். அந்தப் பொருத்தத்தை வைத்துக்கொண்டு அடுத்த ஐந்தாண்டுகளைப் பார்த்தால், அரசின் அவசர அதிகாரங்கள் எல்லாம் இங்கே ஒத்திகை நடத்தியதுபோல் இருக்கிறது.

2022 ஜூலை 13-ல் கனியாமூர் தனியார் பள்ளி விடுதியில் ஒரு மாணவி இறந்தார். 17-ஆம் தேதி பள்ளிக்குள் கூட்டம் புகுந்தது, பேருந்துகள் எரிந்தன. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கம் ஜூலை 31 வரை 144 போட்டார்கள். அன்றைக்கு அது தேவைதான். பஸ் எரிகிற இடத்தில் யாரும் உரிமைப் பாடம் நடத்த முடியாது. அந்த உத்தரவில் எனக்குப் பிடித்த விஷயம், அதற்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது. காஷ்மீர் இணைய முடக்க வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான்: உத்தரவை வெளியிட வேண்டும், காலவரையறை வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக 144 போட்டுக்கொண்டே போகக் கூடாது.

அப்புறம் வந்தது 2024 ஜூன். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கோர்ட்டும் காவல் நிலையமும் பக்கத்திலேயே இருக்கிற டவுனுக்குள் பாக்கெட் சாராயம் தாராளமாக விற்றிருக்கிறது. கலெக்டர் மாற்றப்பட்டார், எஸ்.பி. சஸ்பெண்ட் ஆனார், விற்றவர்கள் கைதானார்கள். கைதானவர்கள் மேல் குண்டாஸும் பாய்ந்தது. டி.வி. பார்த்தவர்களுக்கு ஒரு நிம்மதி.

எனக்கு நிம்மதி வரவில்லை. குண்டாஸ் சட்டத்தின் பெயரில் முதலில் நிற்பவரே கள்ளச் சாராயக்காரர்தான். பிறகு 2004-ல் திருட்டு வீடியோக்காரர், 2014-ல் சைபர் குற்றவாளி என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. 42 வருஷமாகக் கையில் இருந்த சட்டம் கருணாபுரத்தில் ஒரு பாக்கெட்டைக்கூடத் தடுக்கவில்லை. முந்தைய வருஷம் மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் இதே மெத்தனாலுக்கு 20-க்கும் மேற்பட்டோர் பலியான பிறகும் தடுக்கவில்லை. தடுத்திருக்கக்கூடியவை சாதாரணக் காரியங்கள்: மெத்தனால் கிடங்கிலிருந்து எங்கே போகிறது என்ற கணக்கு, கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் பாதையில் ஒழுங்கான சோதனை, மாமூல் வாங்காத ஸ்டேஷன்.

குண்டாஸ் ஃபைல் எப்படி இருக்கும் என்று ஹைகோர்ட் வக்கீல்களைக் கேளுங்கள். நூற்றுக்கணக்கான பக்கம் கட்டிய புத்தகம் ஒன்றைக் கைதியிடம் கொடுப்பார்கள். அதில் ஒரு பக்கம் ஜெராக்ஸில் கறுத்துப்போய் எழுத்தே தெரியாது. இன்னொன்று ஆங்கிலத்தில் இருக்கும், தமிழாக்கம் இருக்காது. கைதி அனுப்பிய மனு மேஜையில் சும்மா கிடந்திருக்கும். இதில் ஒன்றைப் பிடித்தால் ஆட்கொணர்வு மனுவில் ‘குண்டாஸ் உடைஞ்சிடும்’. உடைவதற்குள் பல மாதம் ஓடிவிடும். ஆக, தப்பு செய்யாதவன் மாதக்கணக்கில் உள்ளே இருக்கிறான். தப்பு செய்தவன் ஒரு ஜெராக்ஸ் காகிதத்தால் வெளியே வருகிறான். இரண்டு பக்கமும் நஷ்டம்.

நீதிமன்றங்கள் இதைப் பார்க்காமல் இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய உரிமை வழக்கே சென்னை மாகாணச் சிறையிலிருந்துதான் போனது: 1950-ல் தடுப்புக் காவலை எதிர்த்து ஏ.கே. கோபாலன் போட்ட வழக்கு. அவர் தோற்றார். 1975 நெருக்கடி நிலையில் மிசாவில் எதிர்க்கட்சிக்காரர்களைத் தூக்கினார்கள். ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று 1976-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்து எழுதினார். 2011-ல், ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், இதே குண்டாஸ் சட்டத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சாதாரணச் சட்டத்தால் சமாளிக்க முடிந்த இடத்தில் தடுப்புக் காவல் சட்டவிரோதம்.

நாடாளுமன்றமும் ஒருமுறை மனம் வைத்தது. நெருக்கடி நிலையில் பட்டது போதும் என்று 1978-ல் நிறைவேற்றிய 44-ஆவது திருத்தத்தில், குழுமத்தின் கருத்தில்லாமல் ஒருவரை வைத்திருக்கும் காலத்தை 3 மாதத்திலிருந்து 2 மாதமாகக் குறைத்தார்கள், குழுமத்தின் அமைப்பையும் இறுக்கினார்கள். அந்த ஒரு பிரிவை மட்டும் அமலுக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை டெல்லி இன்றுவரை வெளியிடவில்லை. ஜனதா, காங்கிரஸ், பா.ஜ.க. என்று எத்தனையோ ஆட்சி வந்து போய்விட்டது. மேஜையில் பேனாவைத் தொட யாருக்கும் மனசு வரவில்லை. இதிலாவது கட்சிகளுக்குள் ஒற்றுமை.

‘சாராயம் வித்து அத்தனை பேரைக் கொன்னவனுக்கு உரிமை ஒரு கேடா?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் இருக்கும் கோபம் நியாயம். ஆனால் கருணாபுரத்துப் பெண்களுக்கு வேண்டியது கொலைக்கான தண்டனை. அது வழக்கில்தான் கிடைக்கும். வழக்கு நடந்தால்தான் மெத்தனால் யார் கைமாறி வந்தது, எந்தச் சீருடை கண்ணை மூடிக்கொண்டது என்பதும் வெளியே வரும். குண்டாஸில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது, மாநில அரசு மேல்முறையீடு செய்து தோற்றது. உரிமை என்பது விற்றவனுக்குக் காட்டும் சலுகை இல்லை. அரசு தன் பக்கத்துக் காகிதத்தையும் மேஜைமேல் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் அது.

ஆகவே அடுத்த தடவை ‘நாலு பேர் மேல் குண்டாஸ்’ என்று செய்தி வாசித்தால், மாவட்டத்தில் யாராவது ஒரு நிருபர் இரண்டு கேள்வி கேட்கட்டும். அந்த நாலு பேர் மேல் போட்ட அசல் வழக்கில் குற்றப்பத்திரிகை எப்போது? தீர்ப்பு எப்போது? பதில் வராவிட்டால், வழக்கு நடத்த முடியாததை மறைக்கத்தான் குண்டாஸ் என்று தைரியமாக எழுதலாம்.