கணினி கற்போம்: பக்கத்துக்கும் ஒரு தலைவாசல்



சென்ற மாதம் எச்.ரீ.எம்.எல். மொழியில் பந்தி அமைப்பதையும் படம் இணைப்பதையும் பார்த்தோம். இம்மாதம் இணையப் பக்கத்தின் தலைப்பகுதியைக் குறிக்கும் 'ஹெடர்' என்னும் கூறைப் படிப்போம். சிறிய விடயந்தானே என்று எண்ணிவிடாதீர்கள். அப்படி எண்ணி நானே ஒருமுறை தவறு விட்டிருக்கிறேன்.

எங்கள் வகுப்பில் பயின்ற பிள்ளையொருத்தி தன் ஊர் மாதர் சங்கத்துக்கு ஓர் இணையப் பக்கம் செய்தாள். பனையோலைப் பெட்டி, கடகம், ஒடியல் மா, மிளகாய்த்தூள் என எல்லாவற்றுக்கும் படமும் விலையும் போட்டிருந்தாள். மேலே நிறப்பட்டி, அதில் சங்கத்தின் பெயர் எழுதிய இலச்சினை. "நல்லாயிருக்கு பிள்ளை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சில நாட்களில் பார்வையற்ற சகோதரி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வீட்டு வைபவமொன்றுக்கு ஓலைப் பெட்டிகள் வாங்க விரும்பியவர். "ரீச்சர், இது யாருடைய பக்கம்? சங்கத்தின் பெயரை எங்கேயும் காணவில்லையே" என்றார். அவர் அருகில் இருந்து கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. அவருடைய திரைவாசிப்பு மென்பொருள் இலச்சினைக்குப் பதிலாக ஒரு படக்கோப்பின் பெயரை வாசித்தது. பிறகு பட்டியிலிருந்த இணைப்புகளை ஒவ்வொன்றாக வாசித்தது. அடுத்த பக்கத்துக்குப் போனாலும் மறுபடியும் அதே வாசிப்பு. விலைக்கு வருமுன் அவர் களைத்துவிட்டார். ஒரு விற்பனையை இழக்க இருந்தோம். அதைவிட, ஒரு சகோதரியைப் படலையிலேயே நிற்க வைத்துவிட்டோம்.

நாம் கண்ணால் பார்த்து, "மேலே இருப்பது தலைப்பகுதி" என்று அறிந்துகொள்கிறோம். மென்பொருளுக்கு நிறமும் பெரிய எழுத்தும் தெரியாது. நாம் எழுதிய குறிகள் மட்டுமே தெரியும்.

முன்னர் பக்கத்தின் எல்லாப் பகுதிகளையும் 'டிவ்' என்ற பொதுப் பெட்டிக்குள்ளேயே வைத்தார்கள். ஒரு பெட்டிக்கு 'ஹெடர்' என்று பெயரிட்டாலும் அது எழுதியவருக்கு மட்டுமே விளங்கும். 2005 இல் கூகுள் நிறுவனம் 100 கோடிக்கும் அதிகமான பக்கங்களை ஆராய்ந்தபோது, உலகெங்கும் பலர் தம் பெட்டிகளுக்கு ஹெடர், ஃபூட்டர், மெனு போன்ற ஒரேவிதமான பெயர்களை இட்டிருப்பது தெரியவந்தது. 2014 இல் நியமமாக ஏற்கப்பட்ட எச்.ரீ.எம்.எல். 5 இல் ஹெடர் தனிக் கூறாகவே இடம்பெற்றது.

இங்கே மூன்று பெயர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

'ஹெட்' என்பது உலாவிக்கும் தேடுபொறிக்கும் உரிய தகவல்களை வைக்கும் இடம். அதில் எழுதுவது பக்கத்தினுள்ளே தோன்றாது.

'எச் 1' என்பது பக்கத்தின் பிரதான தலைப்பு வரி.

'ஹெடர்' என்பது பெயர், இலச்சினை, தலைப்பு வரி, இணைப்புப் பட்டியல், தேடற்பெட்டி முதலிய அறிமுக விடயங்களைச் சேர்த்து வைக்கும் பகுதி. இது 'பொடி' என்னும் உடற்பகுதிக்கு உள்ளேதான் வரும்.

ஒரு பக்கத்தில் ஒரு ஹெடர்தான் இருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஒரே பக்கத்தில் மூன்று கட்டுரைகள் இருந்தால், ஒவ்வொன்றின் தலைப்பையும் திகதியையும் அதனதன் ஹெடரில் வைக்கலாம். ஆனால் ஒரு ஹெடருக்குள் இன்னொரு ஹெடரை வைக்கக்கூடாது. ஃபூட்டருக்குள்ளும் வைக்கக்கூடாது. முழுப் பக்கத்துக்கும் உரிய ஹெடரைக் கட்டுரைக்குள்ளோ 'மெயின்' பகுதிக்குள்ளோ புதைத்துவிடாமல் வெளியே வையுங்கள். அப்போதுதான் திரைவாசிப்பு மென்பொருள் அதைப் பக்கத்தின் முகப்பாக அறிவிக்கும்.

அந்தப் பிள்ளையும் நானும் இருந்து திருத்தினோம். மேற்பட்டியை ஹெடருக்குள் வைத்தோம். இணைப்புகளை 'நவ்' கூறுக்குள்ளும் பொருட்களை 'மெயின்' கூறுக்குள்ளும் இட்டோம். இலச்சினைக்கு 'ஆல்ட்' பண்பில் சங்கத்தின் பெயரை எழுதினோம். அரை மணித்தியால வேலைதான். திரையில் எந்த மாற்றமும் தெரியவில்லை. "ரீச்சர், ஒன்றும் மாறவில்லையே" என்றாள் பிள்ளை.

அந்தச் சகோதரியிடம் திறந்து பார்க்கச் சொன்னோம். அவர் பாவிப்பது என்.வி.டி.ஏ. என்னும் இலவச மென்பொருள். அதில் 'டி' விசையை அழுத்தினால் பகுதி பகுதியாகத் தாவலாம். முதலில் முகப்பு வந்தது, சங்கத்தின் பெயர் ஒலித்தது. இன்னும் இரண்டு தாவலில் பொருட்களுக்கு வந்துவிட்டார். பெட்டியின் விலையை அவரே எங்களுக்குச் சொன்னார்.

நீங்களும் உங்கள் பக்கத்தைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு அம்மென்பொருளால் வாசிக்கக் கேளுங்கள். உங்கள் பெயர் முதலில் கேட்கிறதா? இல்லையென்றால் தலைவாசலைச் சரிசெய்யுங்கள்.

அடுத்த மாதம் பக்கத்தின் அடிப்பகுதியான ஃபூட்டருடன் சந்திப்போம்.